நடுக்கதிரை

போன மாதம் வவுனியாவிலிருந்து ஓர் இளம் ஆசிரியை எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஆங்கிலத்துக்குப் புதிய பாடத்திட்டம் வருகிறதாம். இனிமேல் எழுதுவதைவிடப் பேசுவதற்குத்தான் முதலிடமாம். என்னிடம் 'மூன்று கதிரை' என்று, நாற்காலிகளை வைத்து நடத்தும் ஒரு பயிற்சி இருந்ததாக யாரோ சொன்னார்களாம். அதை எப்படிச் செய்வது என்று கேட்டார். சொன்னேன். குறித்துக்கொண்டு, "இவ்வளவு நல்ல விசயத்தை ஏன் ரீச்சர் பிறகு விட்டனீங்கள்?" என்றார். அது தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா தேயிலைத் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு வந்து, பற்றைக்காடு வெட்டிக் குடியேறி, மிளகாயும் கச்சான் கடலையும் போட்டவர். வீட்டில் பேசும் தோட்டத்துத் தமிழை நான் பள்ளிக்கூடத்தில் பேசினால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆங்கிலப் பாடத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரேமாதிரி நாக்குத் தடுமாறியது. அந்த ஒரு பாடவேளையில் நான் யாருக்கும் குறைந்தவளாக இருக்கவில்லை. ஆங்கில ஆசிரியையாக வந்ததற்கு எனக்கு வேறு பெரிய காரணம் கிடையாது. ஆசிரியர் கலாசாலையில் பாடக்குறிப்பு எழுதவும் கரும்பலகையில் கோணாமல் எழுதவும் பழக்கினார்கள். வாயே திறக்காத பிள்ளையை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

முதல் நியமனம் பூநகரிப் பக்கம், களப்பு என்னும் கடல்நீரேரியை அண்டிய ஒரு சின்னப் பாடசாலை. காலையில் வரும் பஸ்ஸை விட்டால் அன்று பாடசாலையே இல்லை. புத்தகத்தில் ஆகாய விமான நிலையத்தில் நடக்கும் ஓர் உரையாடல் இருந்தது. ரயிலையே பார்த்திராத பிள்ளைகளுக்கு அதை எப்படிப் படிப்பிக்கிறது? புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு சாமானைக் கொண்டு வாருங்கள் என்றேன். கொண்டு வந்த பிள்ளை தன் சாமானைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வேண்டும். வலையில் கட்டும் மிதவை வந்தது. அரிக்கன் லாம்பு வந்தது. ஒருத்தி வாளியில் உயிர் நண்டு கொண்டு வந்தாள். அது வாளியிலிருந்து ஏறி ஓடிவிட்டது. மேசைக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால், ரீச்சரின் காலடியில் என்று வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் கத்தியது. அன்றைக்குப் படித்த சொற்களை அந்தப் பிள்ளைகள் பிறகு மறக்கவில்லை.

அதே பயிற்சியை வவுனியா நகரத்துப் பாடசாலைக்கு மாறியபோது கொண்டுபோனேன். அங்கே பிள்ளைகள் ரியூசனில் புத்தகத்தை ஏற்கெனவே முடித்திருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கொண்டு வரவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பி, மரியாதையாகத்தான் சொன்னார்: "ரீச்சர், விளையாட்டெல்லாம் நல்லம். ஆனா சோதினைக்கு நண்டு வராது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு கடந்தகால வினாத்தாள்களைத்தான் செய்வித்தேன். பெறுபேறு கூடியது, பிள்ளைகளின் வாய் மூடியது. ஒரு பாடசாலையில் உயிரோடு இருந்த ஒன்று அடுத்த பாடசாலையில் செத்துப்போகும் என்பதை அங்கேதான் படித்தேன்.

யுத்தம் முடிந்து சனம் திரும்பிக் குடியேறியபின், ஆங்கிலத்துக்கு ஆளில்லாத பாடசாலைகளுக்கு ஆள் தேடினார்கள். கடிதம் வந்தவர்களில் பலர் யாரையாவது பிடித்து இடமாற்றத்தை நிறுத்திக்கொண்டார்கள். நான் கல்யாணம் செய்யாதவள். தனியாளை மாற்றுவது கல்விக் கந்தோர் அதிகாரிகளுக்குச் சுலபம். முல்லைத்தீவுக் கரையோரம் ஒரு பாடசாலைக்குப் போனேன். ஒரு கட்டடத்துக்குத்தான் கூரை இருந்தது. மற்ற வகுப்புகள் தகரக் கொட்டிலில் நடந்தன. மழை பெய்தால் படிப்பிக்கிற சத்தம் கேட்காது.

அந்தப் பாடசாலையின் அதிபர் யாரையும் ஏசி நான் பார்த்ததில்லை. பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் பால் விடாத பிளேன்ரீ வரவழைப்பார். நாங்கள் குடித்து முடிக்கும்வரைக்கும் வாய் திறக்கமாட்டார். கோப்பையைக் கீழே வைத்தபிறகுதான் விசயம் வரும். அதனால் அவருடைய அறைக்குள் தேநீர் போகக் கண்டால், இன்றைக்கு யாருக்கு என்று ஆசிரியர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

நான் கடமையேற்ற அன்றைக்கே எனக்குத் தேநீர் வந்தது. குடித்தேன்.

"ரீச்சர், ஆறாம் வகுப்புப் புத்தகத்தில 'என்ர குடும்பம்' எண்டு ஒரு பாடம் இருக்கு. அதைப் படிப்பிக்க வேண்டாம்."

"ஏன் சேர்?"

"அப்பா என்ன வேலை செய்யிறார், வீட்டில எத்தினை பேர் எண்டெல்லாம் அதில கேக்கினம். இஞ்ச அதைக் கேட்டா அடுத்த நாள் வகுப்பில அரைவாசிப்பேர் இருக்கமாட்டினம்."

"சோதினையில வந்தால்?"

"அந்தப் புள்ளி போகட்டும்."

மிருகங்களைப் பற்றிய பாடத்துக்குத் தாண்டினேன். பூநகரிப் பயிற்சி மனதில் இருந்தது. இங்கேயும் வீட்டிலிருந்து ஒரு சாமான் கொண்டு வரச் சொன்னேன். பலருக்கு வீடென்று இருந்ததே தறப்பாள் கூடாரம். ஒரு பையன் கிணற்றடியில் கிண்டும்போது கிடைத்ததென்று துருப்பிடித்த ஓர் இரும்பைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தான். அதை அவிழ்த்துப் பார்த்ததும் பிள்ளைகளை மெதுவாக எழுப்பி, ஓடாமல், வரிசையாக மைதானத்தின் கடைசி அந்தலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து அதை எடுத்துப்போனார்கள். அடுத்த நாள் எனக்குத் தேநீர் வந்தது.

"இனி வீட்டிலயிருந்து ஒண்டும் கொண்டு வரச் சொல்லாதேங்கோ ரீச்சர்."

வீட்டைப் பற்றிக் கேட்கக் கூடாது. வீட்டிலிருந்து ஒன்றும் வரக் கூடாது. ஆனால் பிள்ளைகள் பேச வேண்டும். இந்த இடுக்கில்தான் மூன்று கதிரை பிறந்தது.

கரும்பலகைக்கு முன்னால் மூன்று கதிரைகள். இடது பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். வலது பக்கத்தில் இருப்பவருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். நடுவில் இருப்பவர் இருவருக்கும் இடையில் மொழிபெயர்க்க வேண்டும். மீன் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர், பஸ்ஸில் பையைத் தொலைத்தவர், ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கிறவர் என்று நாளுக்கொரு கதை. நடுக்கதிரைக்குச் சட்டம் உண்டு. சொன்னதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இடது பக்கத்தில் இருப்பவர் "நான்" என்றால் நடுவில் இருப்பவரும் "ஐ" என்றே சொல்ல வேண்டும். "ஷீ செய்ஸ்" என்று தொடங்கினால் எழும்பி இடம் விட வேண்டும். பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது காலமும் ஆளும் மாறிப் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்பதற்காக இந்தச் சட்டத்தை வைத்தேன். நல்ல மொழிபெயர்ப்பாளர்களும் அப்படித்தான் செய்வார்கள் என்று கலாசாலையில் ஒரு விரிவுரையாளர் சொல்லியிருந்தார்.

பிள்ளைகள் நடுக்கதிரைக்குச் சண்டை பிடித்தார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை, அதுதானே கடினமான இடம் என்று நினைத்தேன். பிறகு விளங்கியது. நடுவில் இருப்பவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. தன்னுடையதென்று ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

அந்தக் கதிரையில் சங்கவியை யாரும் வெல்ல முடியாது. ஆறாம் வகுப்பிலிருந்து அவள் என்னிடம் படித்தாள். மெலிந்த பிள்ளை. நடுவில் இருக்கும்போது இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்வாள். வாய் மட்டும் வேலை செய்யும். வீட்டில் அவளும் தாயும்தான். தாய் கருவாடு காயவைக்கும் வாடியில் கூலிக்குப் போகிறவர். தகப்பன் சங்கவி பிறந்த கையோடு காய்ச்சலில் செத்துப்போனார். தமையன் நிரோசன், யுத்தத்தின் கடைசி நாட்களில் களப்பைக் கடக்கும்போது சனத்துக்குள்ளே கைதவறிப்போனவன். தாய் அவனுடைய படத்தைப் பிளாஸ்திக் உறையில் போட்டு வைத்திருந்தார். காணாமற்போனவர்களின் தாய்மார், தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, றோட்டோரம் கொட்டில் போட்டு இருந்தார்கள். வேலை இல்லாத நாட்களில் சங்கவியின் தாயும் படத்தோடு அங்கே போய் இருப்பார்.

"எனக்கு அந்த நாள் ஒண்டும் ஞாபகமில்லை ரீச்சர்" என்று சங்கவி ஒருமுறை சொன்னாள். "சின்னப் பிள்ளைதானே. முகாமில வரிசையில நிண்டு சோறு வாங்கினதுதான் முதல் ஞாபகம்."

அவள் பத்தாம் வகுப்பில் படித்தபோது, அந்தத் தாய்மாரைச் சந்திக்க ஒரு வெளிநாட்டுக் குழு வந்தது. ஊரில் வேறு மண்டபம் இல்லாததால் பாடசாலையைக் கேட்டார்கள். கொழும்பிலிருந்து வர வேண்டிய மொழிபெயர்ப்பாளர் குழுவின் மற்றப் பாதியோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அதிபர் வகுப்பு வாசலுக்கு ஓடி வந்து, தேநீர் கீநீர் ஒன்றுமில்லாமல், "ரீச்சர், நீங்கள்தான் இருக்கவேணும்" என்றார்.

காலையிலிருந்து நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தலைமயிரோடு ஒரு வெளிநாட்டுப் பெரியவர் எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் தாய்மார், ஒருவர் எழும்ப ஒருவர். மத்தியானம் ஆனபோது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் கொண்டு வந்து தந்த சங்கவி, "கொஞ்ச நேரம் நான் இருக்கிறன் ரீச்சர்" என்றாள்.

அதிபர் தலையாட்டவில்லை. "சின்னப் பிள்ளையள் கேக்கிற கதையில்லை இது."

"இதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்ச கதையள்தானே சேர்."

அதிபர் விலகி வழிவிட்டார். நான் பக்கத்துக் கதிரைக்கு மாறினேன். இரண்டு மூன்று தாய்மார் சொன்னதை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். ஓரிடத்தில் மட்டும் ஒரு சொல்லை என்னிடம் கேட்டாள். அதிபர்கூட வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்து இருந்தவர் அவளுடைய தாய். அன்றைக்கு வாடியில் வேலை, வரமாட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாராம். மீன் வரத்து இல்லையென்று பாதியில் அனுப்பிவிட்டார்கள். மகளை அந்தக் கதிரையில் கண்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டுப் படத்தை மேசையில் வைத்தார். எல்லோருக்கும் சொல்லும் கதையைச் சொன்னார். சனம், நெரிசல், கையை விட்டுப் போனான். சங்கவி சொன்னாள்.

பெரியவர் பேனையை வைத்தார். கெட்ட மனிதரில்லை. மெதுவாகத்தான் பேசினார். சங்கவி அதைத் தமிழில் சொன்னாள்: "சனத்துக்குள்ள எண்டு சொன்னா எங்களால ஒண்டும் செய்ய ஏலாது. கடைசியாக் கண்ட இடம் சரியா எது, பக்கத்தில என்ன இருந்தது எண்டு தெரிஞ்சாத்தான் எங்கயாவது கேட்டுப் பாக்கலாம்."

தாய் படத்தை நேராக்கி வைத்தார். "இடத்தைச் சொன்னாத் தேடுவினமோ?"

சங்கவி கேட்டாள். "கேட்டுப் பாக்கிறனெண்டு சொல்லுறார் அம்மா."

தாய் என்னைப் பார்த்தார். "ரீச்சர், இவளை வெளியில விடுங்கோ. நீங்கள் சொல்லுங்கோ."

நான் எழும்பினேன். சங்கவி எழும்பவில்லை. தோளைத் தொட்டேன். "வேண்டாம் ரீச்சர்" என்றாள். பிறகு தாயைப் பார்த்து, "நான் இருக்கிறன் அம்மா. சொல்லுங்கோ" என்றாள்.

தாய் மகளைப் பார்க்காமல், தமிழ் விளங்குகிற ஆளிடம் சொல்வதுபோல, அந்தப் பெரியவரைப் பார்த்தே சொன்னார்.

"அவனுக்குக் காலில காயம். எழும்பி நிக்க ஏலாது."

சங்கவி சொன்னாள்.

"களப்புக் கரையில ஒரு பனை நிண்டது. தலை இல்லாத பனை. அதுக்குப் பக்கத்தில ஒரு உழவு மிசின் இழுவைப் பெட்டி கவிண்டு கிடந்தது. அதின்ர நிழலில அவனை இருத்தினன். தண்ணி குடுத்தன். ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன் தம்பி, இரு எண்டு சொன்னன். தங்கச்சியைக் கொண்டு போங்கோ அம்மா எண்டவன்."

சங்கவி சொன்னாள். "நான்" என்று வந்த இடத்தில் எல்லாம் "ஐ" என்றே சொன்னாள். ஒன்றும் கூட்டவில்லை. ஒன்றும் குறைக்கவில்லை.

"நான் ஒருத்தி. ரெண்டு பேரையும் தூக்க ஏலாது. இவளைத் தூக்கினன்."

கைகள் தொடைக்குக் கீழேயே இருந்தன. ஒருமுறை வாய் திறந்து மூடியது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்: நான் ஒருத்தி. இருவரையும் என்னால் தூக்க முடியவில்லை. என் மகளைத் தூக்கினேன்.

திரும்பிப் போனீர்களா என்று பெரியவர் கேட்டார். "ஆமியைக் கும்பிட்டுக் கேட்டன். போக விடேல்லை" என்றார் தாய். அதையும் சொன்னாள்.

பெரியவர் எழுதிக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார். சங்கவி தாயின் பக்கம் திரும்பினாள்.

"மகள் இப்ப எங்கயெண்டு கேக்கிறார்."

தாய் அப்போதுதான் அவளுடைய முகத்தைப் பார்த்தார். "இருக்கிறாள் எண்டு சொல்லு."

"ஷீ இஸ் ஹியர்" என்றாள் சங்கவி.

அவர் அதையும் எழுதினார். எழுதி முடித்தபிறகுதான் தலையை நிமிர்த்தினார். சங்கவியைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், மறுபடியும் சங்கவியைப் பார்த்தார். பேனை கையிலிருந்து உருண்டது. தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சங்கவி, அதுவும் தன் வேலைதான் என்பதுபோல, தாயிடம் சொன்னாள்:

"மன்னிக்கவேணுமாம் அம்மா."

குழு போனபிறகு அதிபர் எனக்குத் தேநீர் வரவழைத்தார். குடித்து முடித்துக் கோப்பையை வைத்தேன். அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குழுவிடமிருந்தும் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை.

அடுத்த நாள் சங்கவி வழமைபோலப் பாடசாலைக்கு வந்தாள். நான் பயந்தது அதற்குத்தான். அழவில்லை, சுகவீனமென்று நிற்கவில்லை, கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொன்னாள். மூன்று கதிரைகளையும் நான் வகுப்பின் மற்றக் கதிரைகளோடு கலந்து போட்டுவிட்டேன். நடுக்கதிரை எங்கே என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. நடந்தது ஊருக்குத் தெரிந்திருந்தது.

சில கிழமைகளுக்குப் பிறகு தாய் நான் தங்கியிருந்த அறைக்கு வந்தார். கருவாட்டு மணம் தன்னில் இருக்குமென்று உள்ளே வர மறுத்து, படியிலேயே இருந்தார்.

"அவள் கோவிச்சா நல்லம் ரீச்சர். கோவமுமில்லை. சோறு போட்டுத் தாறாள். தலை சீவி இழுத்து விடுறாள். ஆனா ஒண்டும் கேக்கிறாளில்லை. நானும் என்னெண்டு சொல்லத் தொடங்கிறது?"

நானும் வெளியே வந்து அவருக்குப் பக்கத்தில் படியில் இருந்தேன்.

"அந்தக் களப்புக் கரைப் பக்கம் இப்ப போக விடுகினமாம். இடத்தை அவளுக்குக் காட்டவேணும். நீங்களும் வாங்கோ. நாங்கள் தனியப் போனாக் கதைக்கமாட்டம்."

ஒரு சனிக்கிழமை மூவரும் பஸ்ஸில் போய் இறங்கிக் களப்புக் கரைக்கு நடந்தோம். தாய் முன்னே போனார். முதலில் நல்ல வேகமாக, வழி தெரிந்தவராக நடந்தார். பிறகு நின்றார். பனைகள் ஒன்றும் இல்லை. காணிகளுக்கு முட்கம்பி அடித்து, தென்னங்கன்று நட்டிருந்தார்கள். புதிதாக ஒரு கிறவல் றோட்டு போயிருந்தது. கவிழ்ந்து கிடந்த பெட்டியைப் பழைய இரும்புக்காரர்கள் எப்போதோ வெட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

"இதுதான்" என்றார். கொஞ்சம் நின்றுவிட்டு, "இல்லை, தண்ணி இவ்வளவு கிட்ட இல்லை" என்றார். திரும்பி நடந்தார். வேலியோரம் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டார். அவர் பிறகு குடியேறியவர், கையை விரித்தார். வெயில் ஏறியது. தாய் மறுபடியும் தண்ணீர்ப் பக்கம், மறுபடியும் றோட்டுப் பக்கம் என்று ஓடத் தொடங்கினார். செருப்பு மணலில் கழன்றதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"மறந்துபோனனோ? ரீச்சர், பெத்த நான் மறந்துபோனனோ?"

அவரைப் பிடித்து நிறுத்த நான் கையை நீட்டினேன். உதறிவிட்டுப் போனார். அதுவரை பின்னால் வந்த சங்கவி, செருப்பை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். ஓர் எருக்கலைப் பற்றைக்குப் பக்கத்தில் நின்றாள். மற்ற இடங்களைப் போலவே அதுவும் ஓர் இடம்.

"அம்மா, இதுதான்."

தாய் அப்படியே நின்றார். "உனக்கெப்பிடித் தெரியும்?"

"உங்கட தோளில இருந்து திரும்பிப் பாத்தனான். அண்ணா இஞ்ச இருந்தவர்."

"அழுதவனோ?"

"இல்லை. கை காட்டினவர்."

தாய் மெதுவாக நடந்து வந்து அந்த இடத்தில் இருந்தார். மணலைக் கையால் தடவினார். "நிரோசன்" என்று ஒருமுறை கூப்பிட்டார். பிறகு அழுதார். அவரை அறிந்த நாளிலிருந்து அவர் அழுது நான் கண்டது அன்றுதான். சங்கவி குடையை விரித்து அவருக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

நான் ஓய்வு பெறும்வரை வேறு இரண்டு பாடசாலைகளில் படிப்பித்தேன். புதுப்புதுப் பயிற்சிகள் செய்வித்தேன். ஒரு பிள்ளையையும் நடுவில் இருத்தவில்லை. சங்கவி சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு அதிவிசேட சித்தி எடுத்தாள். கிளிநொச்சியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். தாயும் மகளும் வருடா வருடம் அந்த எருக்கலைப் பற்றையடிக்குப் போகிறார்கள். தாய் இப்போது றோட்டோரக் கொட்டிலுக்குப் போவதில்லையாம்.

என் பிரியாவிடைக்குச் சங்கவி வந்திருந்தாள். சாப்பாடு முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு என்னோடு மரத்தடியில் நின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"அண்டைக்கு அம்மா ஓடின ஓட்டத்தைப் பாக்க ஏலாமத்தான் இதுதான் இடமெண்டு சொன்னனான் ரீச்சர். எனக்கு ஒண்டும் ஞாபகமிருக்கேல்லை. ஆனா இப்ப எனக்கு அது தெரியுது. அந்த இடம், அண்ணா இருந்த இருப்பு, எல்லாம். கண்ணை மூடினா எனக்குக் கை காட்டுறார்."